மழலையரிடம் கற்கும் நன்றியும் மகிழ்ச்சியும்

(பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு மாணவி)

திருக்குறளில் மக்கட்பேறு 7-ஆவது அதிகாரம். செய்ந்நன்றி அறிதல் 11-ஆவது அதிகாரம். இவ்விரண்டுக்கும் இடையே நிற்பவை அன்புடைமை, விருந்தோம்பல், இனியவை கூறல் என்னும் மூன்று அதிகாரங்களே. ஒரு வீட்டில் குழந்தை பிறக்கிறது. குழந்தையால் அன்பு பெருகுகிறது. அன்பு பெருகிய வீட்டின் கதவு விருந்தினருக்குத் திறக்கிறது. விருந்தினரிடம் இனிய சொல் பிறக்கிறது. இனிய சொல்லின் பின்னே நன்றி வந்து நிற்கிறது. தமிழ் வகுப்பில் அதிகார வரிசையைப் படித்தபோது என் மனத்தில் இப்படி ஒரு பாதை தோன்றியது. குழந்தையிலிருந்து நன்றிக்குப் போகும் அந்தச் சிறிய பாதையைப் பற்றியே இக்கட்டுரையில் எழுத விரும்புகிறேன்.

குழந்தைகளுக்கு நன்றி சொல்லக் கற்றுக்கொடுப்பது பெரியவர்களின் கடமை என்றுதான் நாம் எல்லாரும் எண்ணுகிறோம். ஊரிலிருந்து வந்த மாமா ஒரு பிஸ்கட் பொட்டலத்தை நீட்டுகிறார். "மாமாவுக்குத் தேங்க்ஸ் சொல்லு கண்ணு" என்று அம்மா தூண்டுகிறார். குழந்தையோ அதைக் காதில் வாங்காமல், பொட்டலத்தைப் பல்லால் கடித்துப் பிரித்து, முதல் பிஸ்கட்டைக் கையில் பிடித்துச் சிரித்தபடியே மாமாவின் மடியில் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. "மரியாதை தெரியாத பிள்ளை" என்று அம்மா வெட்கப்படுகிறார். ஆனால் அந்த மாமாவின் முகத்தைப் பாருங்கள்! தமக்குச் சேரவேண்டிய நன்றி வட்டியும் முதலுமாக வந்து சேர்ந்துவிட்டது என்பது அங்கே எழுதியிருக்கும்.

'அறிதல்' என்னும் சொல்

நன்றி என்ற சொல்லுக்குப் பழந்தமிழில் நன்மை என்று பொருள். செய்ந்நன்றி என்பது ஒருவர் நமக்குச் செய்த நன்மை. அந்த நன்மையை அறிதல் வேண்டும் என்பதே அதிகாரத் தலைப்பின் கருத்து. எனவே நன்றியின் முதற்படி உள்ளத்தில் இருக்கிறது; வாய்ச்சொல் அதற்குப் பின்னர் வருவது. எங்கள் பக்கத்துக் கிராமங்களில் வயதான பாட்டிமார் 'நன்றி' என்று சொல்லி நான் கேட்டதில்லை. தண்ணீர்க் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துவிட்டால், "நல்லா இரு தாயி" என்று தலையில் கை வைப்பார்கள். நன்மையை அறிந்த உள்ளத்திலிருந்து வாழ்த்து தானாகவே வருகிறது.

புதிய ஏற்பாடு எழுதப்பட்ட கிரேக்க மொழியிலும் ஓர் அழகான செய்தி உண்டு. அருளைக் 'காரிஸ்' என்றும், மகிழ்ச்சியைக் 'காரா' என்றும், நன்றி செலுத்துதலை 'யூக்காரிஸ்தியா' என்றும் அம்மொழியில் கூறுவர். மூன்றும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. கபிரியேல் தூதர் அன்னை மரியாவுக்குக் கூறிய வாழ்த்துச் சொல்லும் அதே வேரைச் சேர்ந்தது. மகிழ்வாயாக என்பது அதன் பொருள். நாம் நற்கருணை என்று வணங்கும் திருவருட்சாதனத்தைத் திருச்சபை யூக்காரிஸ்தியா என்று அழைக்கிறது. அதாவது, நமது வழிபாடுகளில் தலையாயதன் பெயரே நன்றி என்பதாகும்.

அருள், மகிழ்ச்சி, நன்றி ஆகிய மூன்றையும் விதை, பூ, காய் என்று சொல்லலாம். விதையாகிய கொடை முதலில் வருகிறது. அதைப் பெற்றவன் மகிழ்வது பூ. அம்மகிழ்ச்சி முற்றி நன்றியாவது காய். வளர்ந்துவிட்ட நாம் பல வேளைகளில் பூவைக் கிள்ளி எறிந்துவிட்டுக் காயை எதிர்பார்க்கிறோம். மகிழாமலே நன்றி சொல்ல முயல்கிறோம். அதனால்தான் நமது நன்றி வறண்டு போகிறது. குழந்தைக்கு இந்தக் குறை கிடையாது. அது முதலில் மகிழ்கிறது. மழலையரிடம் நாம் கற்க வேண்டிய முதற்பாடம் இதுவே என்பது என் எண்ணம்.

இயேசு பெருமான் காட்டிய ஆசிரியர்

இயேசு அகமகிழ்ந்தார் என்று நற்செய்தியில் வெளிப்படையாகக் கூறப்படும் இடங்கள் மிகச் சிலவே. அவற்றுள் ஒன்று லூக்கா நற்செய்தியின் 10-ஆம் அதிகாரம், 21-ஆம் வசனம். தூய ஆவியால் மகிழ்ச்சி பொங்க, அவர் தம் தந்தைக்கு நன்றி கூறுகிறார். எதற்காக? அறிஞர்களுக்கு மறைத்ததைக் குழந்தைகளுக்கு வெளிப்படுத்தியதற்காக. மகிழ்ச்சி, நன்றி, குழந்தைகள் என்னும் மூன்றும் அந்த ஒரே வசனத்தில் கைகோத்து நிற்பதைக் காணுங்கள்.

மாற்கு நற்செய்தியின் 10-ஆம் அதிகாரத்தில் இன்னொரு காட்சி. மக்கள் சிறு குழந்தைகளை ஆண்டவரிடம் கொண்டுவருகிறார்கள். சீடர்கள் அதட்டுகிறார்கள். ஆண்டவருக்குக் கோபம் வருகிறது. குழந்தைகளை வரவிடும்படி சொல்லி, அவர்களை அணைத்து, அவர்கள்மேல் கைகளை வைத்து ஆசி கூறுகிறார். இறையரசைக் குழந்தையைப் போல ஏற்றுக்கொள்ளாதவர் அதற்குள் நுழைய முடியாது என்றும் எச்சரிக்கிறார்.

இதில் 'ஏற்றுக்கொள்ளுதல்' என்ற சொல்லை நாம் சற்று நின்று கவனிக்க வேண்டும். குழந்தை எதையும் உழைத்துச் சம்பாதிப்பதில்லை. பாலும், சோறும், சட்டையும், பெயரும்கூட அதற்குக் கொடுக்கப்பட்டவையே. 'நான் இதற்குத் தகுதியானவளா?' என்று அது கேட்பதில்லை. 'இது எனக்குச் சேரவேண்டிய பாக்கி' என்று கணக்கும் பார்ப்பதில்லை. இரு கைகளையும் நீட்டி வாங்கிக்கொள்கிறது. கடவுளின் அருளும் சம்பாதித்துப் பெறக்கூடியதன்று. ஆகவே அதை வாங்கத் தெரிந்தவர்களில் முதல்வராகக் குழந்தையை ஆண்டவர் காட்டினார்.

அக்காலத்தில் இது எவ்வளவு புதுமையான பேச்சு என்பதை அறிய ஒரு பழைய கடிதம் உதவும். கி.மு. 1-ஆம் ஆண்டில் எகிப்து நாட்டைச் சேர்ந்த ஹிலாரியன் என்னும் தொழிலாளி, வேலைக்காக அலெக்சாந்திரியா நகரில் தங்கியிருந்தபோது, ஊரிலிருந்த மனைவிக்கு எழுதியது அது. பிறப்பது ஆணானால் வைத்துக்கொள்ளும்படியும், பெண்ணானால் வெளியே போட்டுவிடும்படியும் அதில் சாதாரணமாக எழுதியிருக்கிறார். மனைவியிடம் அன்பில்லாதவர் அல்லர். அவளை மறக்கமாட்டேன் என்றும் அதே கடிதத்தில் கூறுகிறார். ஆயினும் பெண் குழந்தை அவருக்கு வேண்டாத சுமையாக இருந்தது. அத்தகைய உலகில்தான் இயேசு ஒரு குழந்தையை நடுவில் நிறுத்தி, இதை ஏற்பவர் என்னையே ஏற்கிறார் என்ற கருத்தைப் போதித்தார்.

அது ஏதோ பழைய காலத்துக் கதை என்று நாம் தள்ளிவிட முடியாது, தோழியரே. பெண் சிசுக்கொலையைத் தடுக்கத் தமிழக அரசு 1992-ஆம் ஆண்டு சேலம் மாவட்டத்தில் தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்க நேர்ந்தது. 2001-இல் அது தருமபுரி உள்ளிட்ட மாவட்டங்களுக்கும் விரிவாக்கப்பட்டது. அன்று நமது கிருஷ்ணகிரியும் தருமபுரி மாவட்டத்துக்குள்தான் இருந்தது. 2004-இல்தான் தனி மாவட்டமாயிற்று. பெண்ணாகப் பிறந்து, பெயரிடப்பட்டு, சீருடை உடுத்தி, இந்தப் பள்ளியில் அமர்ந்திருக்கும் நம் ஒவ்வொருவரையும் யாரோ ஒருவர் இரு கை நீட்டி மகிழ்ச்சியோடு வாங்கிக்கொண்டார். நமது நன்றியின் முதல் வரி அங்கேதான் தொடங்க வேண்டும்.

முட்டை போடும் நாள்

எங்கள் வேப்பனப்பள்ளி, கர்நாடகமும் ஆந்திரமும் அருகருகே இருக்கும் எல்லைப் பகுதி. ஒரே தெருவில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதும் கேட்கும். என் சித்தியின் மகனை அங்கன்வாடியில் கொண்டுபோய் விடும் வேலை விடுமுறை நாட்களில் எனக்கு வரும். அங்கே முட்டை போடும் நாள் என்றால் காலையிலிருந்தே குழந்தைகளுக்குத் திருவிழாதான். ஒருவன் 'முட்டை' என்பான். பக்கத்தில் இருப்பவள் 'குட்டு' என்பாள். இன்னொருத்தி 'மொட்டெ' என்பாள். கடைசியில் இருப்பவன் 'அண்டா' என்று கத்துவான். நான்கு மொழியிலும் மகிழ்ச்சி ஒன்றுதான்!

அவர்கள் அதை உண்ணும் விதத்தைப் பார்க்க வேண்டும். ஆயம்மா உரித்துக் கொடுத்த முட்டையை உடனே விழுங்கிவிடுவதில்லை. முதலில் கன்னத்தில் வைத்துச் சூடு பார்க்கிறார்கள். உருட்டிப் பார்க்கிறார்கள். வெள்ளையைக் கொறித்து, உள்ளே மஞ்சள் தெரிந்ததும், அன்றைக்குத்தான் முதன்முதலாக உலகத்தில் அது தோன்றியது போல அடுத்தவனிடம் காட்டுகிறார்கள். சென்ற முறையும் மஞ்சள் இருந்தது. அதற்கு முந்தைய முறையும் இருந்தது. அதனால் என்ன? குழந்தைக்கு எந்த முட்டையும் பழைய முட்டை ஆவதில்லை.

இங்கே மூன்று காரியங்களை நான் கவனித்தேன். முதலாவது, குழந்தையின் கவனம் முழுவதும் கையில் இருக்கும் பொருளின்மேல் இருக்கிறது. இரண்டாவது, பழக்கம் அதன் வியப்பைத் தின்றுவிடுவதில்லை. மூன்றாவது, மகிழ்ச்சியைத் தனியாக வைத்துக்கொள்ள அதற்குத் தெரிவதில்லை. உடனே இன்னொருவருக்குக் காட்ட வேண்டும். கவனம், வியப்பு, பகிர்வு என்னும் இம்மூன்றும் இருக்கும் இடத்தில் நன்றி தானே முளைக்கிறது.

அடையாற்றுக்கு வந்த அன்னை

மழலையரிடம் மாணவியாக அமர்ந்து கற்ற ஒரு பெரிய மேதை நம் தமிழ்நாட்டில் பல ஆண்டுகள் வாழ்ந்தார் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. அவர்தாம் மரியா மாண்டிசோரி அம்மையார். இத்தாலி நாட்டில் 1870 ஆகஸ்ட் 31-ஆம் நாள் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்து, 1896-இல் மருத்துவப் பட்டம் பெற்றவர். 1907 ஜனவரி 6-ஆம் நாள், மூன்று இராசாக்கள் திருநாளன்று, உரோமை நகரின் ஏழைத் தொழிலாளர் வாழும் சான் லொரென்சோ பகுதியில் 'குழந்தைகள் இல்லம்' என்னும் பள்ளியைத் தொடங்கினார்.

அங்கே ஒருநாள் அவர் குழந்தைகளுக்குக் கைக்குட்டையால் மூக்குச் சிந்துவது எப்படி என்று பாடம் நடத்தினார். சத்தமில்லாமல், பிறர் கண்ணில் படாமல் துடைத்துக்கொள்ளும் முறையையும் காட்டினார். குழந்தைகள் சிரிக்கவில்லை, மூச்சை அடக்கிக்கொண்டு கவனித்தார்கள். பாடம் முடிந்ததும் படபடவென்று கைதட்டினார்கள். அவர் புறப்பட்டபோது பாடத்துக்கு நன்றி கூறிக் கத்தினார்கள். தெருவரை பின்தொடர்ந்தும் வந்தார்கள். அம்மையாருக்கு வியப்பாக இருந்தது. பிறகு அவருக்குக் காரணம் புரிந்தது. மூக்கொழுகுவதற்காக அக்குழந்தைகளை எல்லாரும் எப்போதும் திட்டியிருக்கிறார்கள். எப்படித் துடைப்பது என்று பொறுமையாக ஒருவரும் சொல்லித் தந்ததில்லை. இன்றுதான் ஒருவர் அவர்களை மதித்துக் கற்றுக்கொடுத்தார். தங்களுக்குக் கிடைத்த மதிப்பைக் குழந்தைகள் அறிந்தார்கள். 'செய்ந்நன்றி அறிதல்' என்பதற்கு இதைவிட நல்ல உரை வேண்டுமோ?

அதே பள்ளியில் ஏறக்குறைய மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி, மரத்துண்டுகளை அவற்றுக்குரிய துளைகளில் பொருத்தி எடுத்து, மறுபடியும் பொருத்திக்கொண்டிருந்தாள். சுற்றிலும் மற்றக் குழந்தைகளைப் பாட வைத்தும் அவள் நிமிரவில்லை. அவளை நாற்காலியோடு தூக்கி மேசைமேல் வைத்தும் அவள் நிறுத்தவில்லை. நாற்பது தடவைக்கு மேல் செய்து முடித்த பின்னர், நல்ல உறக்கத்திலிருந்து எழுந்தவளைப் போல மலர்ந்த முகத்துடன் சுற்றிலும் பார்த்தாள். அவளுக்கு யாரும் பரிசு தரவில்லை; மதிப்பெண் போடவில்லை. வேலையே அவளுக்கு மகிழ்ச்சியாக இருந்தது. ஆண்டிறுதித் தேர்வுக்காக ஒரு கணக்கை நாலு தடவை போடவே சலித்துக்கொள்ளும் நமக்கு இச்சிறுமி ஓர் ஆசிரியை அல்லவா?

1939-ஆம் ஆண்டின் இறுதியில், பிரம்மஞான சபைத் தலைவர் ஜார்ஜ் அருண்டேலின் அழைப்பை ஏற்று, அம்மையார் தம் மகன் மரியோவுடன் சென்னை அடையாற்றுக்கு வந்தார். மறு ஆண்டு இத்தாலி போரில் இறங்கியதும், எதிரி நாட்டவர் என்பதால் ஆங்கில அரசு மகனைக் காவல் முகாமில் அடைத்தது. அம்மையாரின் எழுபதாவது பிறந்தநாள் வந்தது. அன்று வைசிராய் அவருக்கு அளித்த பரிசு என்ன தெரியுமா? மகனைத் திருப்பி அனுப்பியதுதான்! போர்க்காலத்தில் சில ஆண்டுகளை அவர் கொடைக்கானலில் கழித்தார். 1946-இல் ஐரோப்பா திரும்பினார். 1952 மே 6-ஆம் நாள் நெதர்லாந்தில் இறைவனடி சேர்ந்தார்.

பரிசுகளுள் பெரிது பொருளா, ஆளா என்பதை அந்தப் பிறந்தநாள் காட்டுகிறது. இதைக் குழந்தைகள் பிறவியிலேயே அறிவார்கள். ஓசூர் தொழிற்பேட்டையில் இரவு ஷிப்ட் முடித்து, கம்பெனி பஸ்ஸிலிருந்து தூக்கக் கண்ணோடு இறங்கும் தந்தைமார் எங்கள் பகுதியில் ஏராளம். தெருமுனையில் அவரைக் கண்டதும் இரண்டு வயதுக் குழந்தை ஓடிவந்து காலைக் கட்டிக்கொள்கிறது. கையில் பொட்டலம் இருக்கிறதா என்று பார்ப்பது அதற்குப் பிறகுதான்! அதே வீட்டில் பதினைந்து வயது மகள் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல், "டியூஷன் பணம் கொண்டு வந்தீங்களாப்பா?" என்று கேட்கிறாள். இருவரில் தந்தையின் களைப்பைப் போக்கியவர் யார் என்பதை நீங்களே சொல்லுங்கள்.

கொடுப்பதில் களிப்பு

குழந்தை வாங்கிக்கொள்ள மட்டும் பிறந்தது என்று எண்ணிவிடக் கூடாது. 2012-ஆம் ஆண்டு, கனடா நாட்டின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் லாரா அக்னின், கைலி ஹாம்லின், எலிசபெத் டன் என்னும் மூன்று ஆய்வாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டனர். இரண்டு வயது நிரம்பாத குழந்தைகளுக்குத் தின்பண்டம் தரப்பட்டது. பிறகு அவர்கள் ஒரு பொம்மைக்கும் தின்பண்டம் கொடுத்தார்கள். அவர்களின் முக மலர்ச்சியைக் கவனித்தபோது, தாம் பெற்ற வேளையைவிடக் கொடுத்த வேளையில் அது மிகுந்திருந்தது. அதிலும், பிறர் எடுத்துத் தந்ததைக் கொடுத்தபோது இருந்ததைவிட, தம் பங்கிலிருந்தே கொடுத்தபோது இன்னும் மிகுந்திருந்தது!

இதைப் படித்தபோது யோவான் நற்செய்தி 6-ஆம் அதிகாரத்தில் வரும் சிறுவன் நினைவுக்கு வந்தான். ஐயாயிரம் பேர் பசியோடு அமர்ந்திருக்க, ஐந்து வாற்கோதுமை அப்பங்களும் இரண்டு மீன்களும் அவனிடம் இருந்தன. வாற்கோதுமை அங்கே ஏழைகளின் தானியம். நம் ஊர்க் கேழ்வரகுக் களியைப் போன்றது என்று வைத்துக்கொள்ளலாம். அந்த ஏழை உணவைக் கையில் எடுத்த இயேசு முதலில் செய்தது நன்றி செலுத்தியதே. குறைவாக இருக்கிறதே என்று அவர் குறைகூறவில்லை. நன்றி செலுத்தப்பட்ட அந்தக் கொஞ்சம் எல்லாருக்கும் போதுமானதாயிற்று.

இந்த உண்மையைத் திருச்சபையும் உணர்ந்திருக்கிறது. 1843-இல் பிரான்சு நாட்டின் நான்சி மறைமாவட்ட ஆயர் ஃபோர்பின் ஜான்சன், திருப்பாலத்துவ சபையைத் தோற்றுவித்தார். நாள்தோறும் ஓர் அருள் நிறைந்த மரியே செபம், மாதந்தோறும் ஒரு சிறு நாணயம்: இவ்வளவுதான் அவர் குழந்தைகளிடம் கேட்டவை. குழந்தைகள் குழந்தைகளுக்கு உதவுவது அதன் நோக்கம். 1910-இல் பாப்பரசர் பத்தாம் பத்திநாதர், ஏறக்குறைய ஏழு வயதிலேயே குழந்தைகள் புதுநன்மை வாங்கலாம் என்று ஆணையிட்டார். சாதாரண அப்பத்துக்கும் நற்கருணைக்கும் வேறுபாடு அறிந்தால் போதும் என்பது அவர் கருத்து. இங்கேயும் தேவைப்பட்டது 'அறிதல்'தான் என்பதைக் கவனியுங்கள்.

குழந்தைத்தனமும் குழந்தை உள்ளமும்

"குழந்தைகள் அழுவதில்லையா? பிடுங்குவதில்லையா? கீழே விழுந்து புரண்டு அடம் பிடிப்பதில்லையா? அவற்றையுமா நாங்கள் கற்க வேண்டும்?" என்று என் தோழி கேட்டாள். நியாயமான கேள்விதான். சிந்தனையில் குழந்தைகளாக இராமல் முதிர்ந்தவர்களாக இருக்கும்படி புனித சின்னப்பரும் கொரிந்தியருக்கு எழுதியிருக்கிறார். குழந்தைத்தனம் வேறு, குழந்தை உள்ளம் வேறு. முன்னதை விட்டுவிட வேண்டும். பின்னதைப் பெற வேண்டும். இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை ஒரே இரவில் கற்றவர் குழந்தை இயேசுவின் புனித தெரேசாள்.

அவர் 1873 ஜனவரி 2-ஆம் நாள் பிரான்சில் பிறந்தார். நான்கு வயதிலேயே தாயை இழந்தார். அதனால் எதற்கெடுத்தாலும் அழும் சுபாவம் அவருக்கு வந்துவிட்டது. கிறிஸ்துமஸ் இரவில் குழந்தைகளின் காலணிக்குள் பரிசுகளை வைப்பது அந்நாட்டு வழக்கம். 1886-இல், தெரேசாளுக்குப் பதினான்கு வயது நிறையப்போகும் நேரம். நள்ளிரவுத் திருப்பலி முடிந்து வீடு திரும்பியதும், களைத்துப்போயிருந்த தந்தை, நல்லவேளை, இதுவே கடைசி ஆண்டு என்று அலுத்துக்கொண்டது அவர் காதில் விழுந்தது. எப்போதும் போல் அழுதிருக்க வேண்டியவர்தான். ஆனால் அன்று கண்ணீரை அடக்கிக்கொண்டு, படிகளில் இறங்கி வந்து, ஒவ்வொரு பரிசையும் சிறு குழந்தையைப் போலக் குதூகலத்தோடு எடுத்துக் காட்டினார். தந்தையின் அலுப்பு பறந்தது, அவரும் சிரித்தார். அந்த இரவைத் தம் முழு மனமாற்றத்தின் இரவு என்று தெரேசாள் பிற்காலத்தில் கருதினார்.

அன்று நடந்தது என்ன? 'எனக்கு என்ன கிடைத்தது, என்னை எப்படி நடத்தினார்கள்' என்று தன்னையே சுற்றிக்கொண்டிருந்த குழந்தைத்தனம் விலகியது. தந்தையின் களைப்பை அறிந்து, அவருக்காக மகிழும் குழந்தை உள்ளம் பிறந்தது. பதினைந்தாம் வயதில் கார்மேல் மடத்தில் சேர்ந்த அவர், சிறு காரியங்களைப் பெரிய அன்போடு செய்யும் 'சிறிய வழி'யில் நடந்தார். கடுமையான காச நோயிலும் விசுவாச இருளிலும்கூட அந்த வழியை விடவில்லை. 1897-இல் 24-ஆம் வயதில் இறந்த அவரை, 1997-இல் பாப்பரசர் இரண்டாம் அருள் சின்னப்பர் திருச்சபையின் மறைவல்லுநராக அறிவித்தார். அவருடைய பெற்றோர் லூயியும் செலியும் 2015-இல் புனிதர்களாக உயர்த்தப்பட்டனர். களைத்துப்போய் ஒரு சொல் அலுத்துக்கொண்ட தந்தையும் புனிதராகலாம் என்பது நம் பெற்றோருக்கு ஆறுதல் தரும் செய்தியன்றோ!

மகிழ்ச்சிக்கும் காவல் வேண்டும்

குழந்தையின் மகிழ்ச்சி வானத்திலிருந்து விழுவதில்லை. பசித்த வயிறு சிரிக்காது. இதை நன்கு அறிந்தே காமராசர் 1956-இல் பள்ளிகளில் மதிய உணவு தந்தார். 1982 ஜூலை 1-ஆம் நாள் பாப்பாக்குறிச்சியில் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். 2022 செப்டம்பர் 15-ஆம் நாள் மதுரையில் அரசுத் தொடக்கப்பள்ளிகளுக்கான காலை உணவுத் திட்டம் தொடங்கப்பட்டது. அங்கன்வாடிகளுக்கு வழிவகுத்த ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம் 1975 அக்டோபர் 2-ஆம் நாள் நாட்டில் தொடங்கியது.

இதில் நம்மைப் போன்ற பெண்களுக்கும் ஒரு பங்கு உண்டு. தாயும் தந்தையும் வேலைக்குப் போனால் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள யாரை நிறுத்துவார்கள்? மூத்த பெண்ணைத்தான். இடுப்பில் குழந்தையோடு பள்ளியின் வேலிக்கு வெளியே நின்ற பெண்களைப் பற்றி எங்கள் பாட்டி சொல்வார். அவரும் அவர்களுள் ஒருவர். சிறுவரை ஏற்றுக்கொள்ள ஒரு கூடமும், ஓர் ஆயம்மாவும், ஓர் அடுப்பும் ஏற்பட்ட பிறகுதான் பல மூத்த பெண்கள் வேலிக்குள் வர முடிந்தது. அங்கன்வாடியில் ஒரு குழந்தை முட்டையைக் கன்னத்தில் வைத்துச் சிரிக்கும்போது, அதன் அக்காள் எங்கோ ஒரு வகுப்பறையில் பாடம் படிக்கிறாள். குழந்தை முட்டையை அறியும். அதை வேக வைத்த ஆயம்மாவை அறியும். அதற்கு அப்பால் இருப்பவர்களை அறிவது நம் வயதினரின் கடமை. மகிழ்ச்சியைக் குழந்தையிடம் கற்போம். யார் யாருடைய உழைப்பால் அது வந்தது என்று எண்ணிப் பார்க்கும் வேலையை நாம் சேர்த்துக்கொள்வோம். அப்போதுதான் பூ காயாகும்.

நாம் செய்யக்கூடியவை

பத்தாம் வகுப்பில் நமக்கு எல்லாம் மதிப்பெண்ணாகத் தோன்றுகிறது. 92 வாங்கியவள் 95 வாங்கியவளைப் பார்த்துக் கண் கலங்குகிறாள். 'எனக்கு இன்னும் மூன்று வரவேண்டும்' என்ற எண்ணத்தில், வந்த தொண்ணூற்றிரண்டும் காணாமற் போகின்றன. ஆகவே சில எளிய பயிற்சிகளைக் கூற விரும்புகிறேன்.

முதலாவது: நாளுக்கு ஒரு வேளையாவது, தொலைபேசியையும் தொலைக்காட்சியையும் தள்ளி வைத்துவிட்டு, உணவைக் கவனித்து உண்போம். களியானாலும் சோறானாலும், முதல் கவளத்தின் சூட்டையும் சுவையையும் அறிவோம். உணவுக்கு முன் செபத்தை அவசரமாக முணுமுணுக்காமல், சமைத்த கையை நினைத்துச் சொல்வோம்.

இரண்டாவது: நமக்குக் கிடைத்ததை இன்னொருவருடையதோடு ஒப்பிடுவதற்கு முன், அதைக் கையில் வைத்து ஒருமுறை மகிழ்ந்து பார்ப்போம்.

மூன்றாவது: வீட்டுக்கு வரும் பெற்றோரின் முகத்தை முதலில் பார்ப்போம், பையைப் பிறகு பார்க்கலாம்.

நான்காவது: தம்பி தங்கையர் எதையாவது காட்ட ஓடிவந்தால், "அப்புறம் பார்க்கிறேன், போ" என்று விரட்டாமல், ஒரு நிமிடம் குனிந்து பார்ப்போம். ஒரு பூச்சியாகவோ, கூழாங்கல்லாகவோ, மாம்பிஞ்சாகவோ இருக்கும். அது அவர்களுடைய நன்றி வழிபாடு. நம்மையும் அதற்கு அழைக்கிறார்கள்.

பெற்றோருக்கும் ஒரு சிறு விண்ணப்பம். குழந்தையை 'நன்றி சொல்' என்று கட்டாயப்படுத்தும் முன்னர், நீங்கள் ஒருவருக்கொருவர் நன்றியோடு பேசுவதை அது காணட்டும். குடும்பத்துக்கு இன்றியமையாதவை 'அனுமதி', 'நன்றி', 'மன்னிப்பு' என்னும் மூன்று சொற்களே என்று மறைந்த பாப்பரசர் பிரான்சிஸ் அடிக்கடி கூறிவந்தார். அம்மாவின் குழம்பைப் பற்றி அப்பா ஒரு நல்ல வார்த்தை சொல்லும் வீட்டில், அச்சொல் குழந்தையின் வாய்க்குத் தானே வந்து சேரும்.

அன்புள்ள சின்னஞ்சிறு தங்கையரே! முதல் வகுப்பிலும் இரண்டாம் வகுப்பிலும் அமர்ந்து, மணி அடித்ததும் காரணமே இல்லாமல் சிரித்துக்கொண்டு ஓடும் நீங்கள் இந்தக் கட்டுரையைப் படிக்கப்போவதில்லை. படிக்க வேண்டிய தேவையும் உங்களுக்கு இல்லை. வரும் பங்குனியில் நாங்கள் தேர்வு எழுதிவிட்டுப் பிரிந்து செல்வோம். அதற்குமுன், காலைச் செபத்தில் உங்கள் வரிசை எங்கள் முன்னே நிற்கும் நாட்கள் இன்னும் சில இருக்கின்றன. அந்நாட்களில் நாங்கள் உங்களைப் பார்த்துக் கற்றுக்கொள்கிறோம்.